காட்டுப்பன்றியைச் சுட யாருக்கு அதிகாரம்? கேரள – குமரி எல்லையில் இரு வேறு நடைமுறைகள்

அதியன்னூர்: திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த அதியன்னூர், பாறசாலை ஊராட்சிகளில் ஒரு தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி புகுந்தால், அதைச் சுட உத்தரவிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு உண்டு. களியக்காவிளையைக் கடந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் அதே பன்றி நுழைந்துவிட்டால், சுடும் பொறுப்பு வனத்துறைக்கு மட்டுமே உரியது. விலங்கும் ஒன்று, அதைக் காக்கும் மத்தியச் சட்டமும் ஒன்று. எனினும் நடைமுறை மாநில எல்லையில் மாறிவிடுகிறது.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை நெய்யாற்றின்கரையும் அண்டையிலுள்ள விளவங்கோடும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. இன்றும் இரு பக்கத்திலும் மரச்சீனியும் வாழையும் பயிரிடப்படுகின்றன. மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தின்னும் காட்டுப்பன்றி, ஓர் இரவில் ஒரு சிறு விவசாயியின் பல மாத உழைப்பை அழித்துவிடக்கூடியது.

சட்டம் சொல்வது என்ன?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே இரு மாநிலங்களுக்கும் அடிப்படை. உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட முன்பு இருந்த வாய்ப்பு 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் முடிவுக்கு வந்தது. சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை ஆகாது. நஞ்சு வைத்தல், சுருக்குக் கண்ணி வைத்தல், பொறியில் சிக்கவைத்தல், இரை காட்டி இழுத்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் வேட்டையே. எனவே கண்ணியில் எந்த விலங்கும் சிக்காவிட்டாலும், அதை வைத்ததே குற்றமாகும்.

2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. இதற்கு எதிரான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

விதிவிலக்கு 11-ஆவது பிரிவில் உள்ளது. இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாக மாறினால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அதை வேட்டையாட அனுமதிக்கலாம்.

கேரளத்தில் ஊராட்சி, தமிழகத்தில் வனத்துறை

இந்தப் பிரிவைக் கொண்டே கேரள அரசு 2022 மே மாதம் அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தது. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தலைவர்கள் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாகவும், உள்ளாட்சிச் செயலாளர்கள் அதிகாரம் பெற்ற அலுவலர்களாகவும் நியமிக்கப்பட்டனர். முதலில் ஓராண்டுக்கு வழங்கப்பட்ட இந்த அதிகாரம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரைக் கொண்டு பன்றியைச் சுடலாம். நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கொல்லப்பட்ட பன்றியை முறைப்படி புதைக்க வேண்டும். இறைச்சியை எடுத்துச் செல்ல எவருக்கும் உரிமை இல்லை.

தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறை காட்டிலிருந்து உள்ள தொலைவை அடிப்படையாகக் கொண்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம்.

ஆக, இரு மாநிலங்களிலும் விவசாயி தாமாகவே முடிவெடுத்துக் காட்டுப்பன்றியைக் கொல்ல முடியாது.

பொறியில் சிக்கும் மனிதர்கள்

அனுமதி கிடைக்கும் வரை காத்திருக்க இயலாது என எண்ணிச் சிலர் மின்கம்பியையும் அவுட்டுக்காயையும் நாடுகின்றனர். இதற்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. பாலக்காடு மாவட்டம் முட்டிக்குளங்கரையில் 2022 மே மாதம் பன்றிக்கு வைக்கப்பட்ட மின்கம்பியால் காவலர் இருவர் இறந்தனர். அதே மாவட்டத்தில் 2023 செப்டம்பரில் இளைஞர் இருவர் இவ்வாறே உயிரிழந்தனர். மலப்புறம் மாவட்டம் வழிக்கடவில் 2025 ஜூன் மாதம், மீன் பிடிக்கச் சென்ற 10-ஆம் வகுப்பு மாணவன் பன்றிக்கான மின்கம்பியில் சிக்கி மாண்டான்.

வெடிபொருளும் பன்றியோடு நிற்பதில்லை. 2020 மே மாதம் வெடிமருந்து வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று, பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது.

மின் இணைப்பிலிருந்து திருட்டுத்தனமாகக் கம்பி இழுப்பவர் மீது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் பாயும். மனித உயிர் போனால் குற்றவியல் வழக்கும் சேரும்.

'தீங்குயிரி' கோரிக்கை

சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தீங்குயிரியாக அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. அவ்வாறு அறிவித்தால் அந்தக் காலத்தில் வேட்டைத் தடையின் பாதுகாப்பு அந்த விலங்குக்கு இராது. 2016-இல் உத்தரகண்டில் காட்டுப்பன்றி இவ்வாறு அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் இதே கோரிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை. புலிக்கும் சிறுத்தைக்கும் காட்டுப்பன்றி இரை என்பதால், பரவலான வேட்டை காட்டின் உணவுச் சங்கிலியைக் குலைக்கும் என்பது பாதுகாப்பை வலியுறுத்துவோரின் வாதம்.

இதையடுத்துக் கேரள சட்டப்பேரவை 2025 அக்டோபரில் மாநிலத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. இரண்டாம் அட்டவணை விலங்குகளைத் தீங்குயிரியாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கே வழங்க அது வகைசெய்கிறது. வன உயிரினப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் இருப்பதாலும், மசோதா மத்தியச் சட்டத்திலிருந்து மாறுபடுவதாலும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படுகிறது.

விவசாயி செய்ய வேண்டியது

நெய்யாற்றின்கரைப் பகுதி விவசாயிகள் பயிர்ச் சேதத்தை முதலில் ஊராட்சிச் செயலாளரிடமோ தலைவரிடமோ எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் வனச்சரக அலுவலகத்தை அணுக வேண்டும். இழப்பீட்டுக்கு இரு மாநிலங்களிலும் வனத்துறையிடம் விண்ணப்பிக்கலாம். சேதமடைந்த பயிரை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து வைப்பது விசாரணைக்கு உதவும். வேலி அமைப்போர், நேரடி மின்சாரத்தைத் தவிர்த்து, உரிய தரமுள்ள சூரிய மின்வேலியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.