இடுப்பிலிருந்து இறங்கிய பிள்ளை



ஒன்றரை மாசக் கைக்குழந்தைக்கு தடுப்பூசி போட ஒரு அம்மா வந்திருந்தாங்க. கூட வந்த பாட்டி கையைப் பிடிச்சபடி மூத்தவன், ஒன்றே முக்கால் வயசு. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"தம்பி வயித்துல வந்ததும் பாலை மறக்கடிச்சோம் டாக்டர். அதுலருந்து சவலையாயிட்டான்" என்றார் பாட்டி.

சவலை! அடுத்த பிள்ளை வந்து, தாய்ப்பால் இழந்து மெலியும் பிள்ளைக்கு நம்ம ஊர்ச் சொல்.

இதே மாதிரி ஒரு சொல் ஆப்பிரிக்காவிலிருந்து நம் மருத்துவப் புத்தகத்துக்குள் வந்திருக்கிறது.

1929. இன்றைய கானா அன்று பிரிட்டிஷாரின் கோல்ட் கோஸ்ட். ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த சிசிலி வில்லியம்ஸ் அங்கே அரசு மருத்துவராகச் சேர்கிறார். (நம்ம இனம்!)

ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளைகள் கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளுத்து வருகிறார்கள். பலர் இறக்கிறார்கள். வீக்கத்தால் சில பிள்ளைகள் பார்க்க கொழுகொழுன்னு வேற இருக்கும்.

புத்தகத்தில் விடை இல்லை. ஊர்ப் பெண்கள் அதற்குப் பேரே வைத்திருந்தார்கள். கா மொழியில் 'குவாஷியோர்கர்'. அடுத்த பிள்ளை பிறக்கும்போது, இடம் பறிபோன பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தம். பால் நின்றபின் அதுகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி.

1933ல் இதை எழுதினார் வில்லியம்ஸ். "இது பெலாக்ராதான்" என்று மறுத்தார்கள். அம்மா விடவில்லை. 1935ல் லான்செட் இதழில் ஊர்ப் பெண்கள் சொன்ன பேரையே தலைப்பில் போட்டு மறுபடி எழுதினார். இன்னைக்கும் எம்பிபிஎஸ் பரீட்சையில் நாங்கள் எழுதுவது அந்தப் பேரைத்தான்.

புரதக் குறைவு மட்டுமே காரணம் என்று பிற்பாடு சுருக்கிவிட்டார்கள். கிருமித்தொற்று உட்பட இன்னும் பல சேர்ந்தது அது. பேச்சும் நடையும் பழகுற, மூளை வேகமாக வளர்கிற வயசில் பாலும் போய் மடியும் போகுதே, அந்தப் பெண்கள் அதைத்தான் பார்த்தார்கள்.

நம்ம மூத்தவனுக்கு வருவோம். வீக்கம் இல்லை. கைச் சுற்றளவு 12 செ.மீ. 12.5க்குக் கீழ் என்றாலே ஊட்டக்குறைவு.

"என்ன குடுக்குறீங்க?"

"டீயும் பொறையும். சோறு ரெண்டு வாய்."

கர்ப்பமானால் பால் கெட்டுப்போகும்னு யாரோ சொன்னாங்களாம். கெடாதுங்க. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மூத்ததுக்குத் தொடர்ந்து தரலாம்.

முட்டை, பருப்பு சாதம், அங்கன்வாடி சத்துமாவு என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மூத்தவனைத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.