இந்தியன் கானூன் பிறந்த கதை

திருச்சி கோர்ட்டில் முப்பது வருடத்துக்கு முன் ஜூனியராகச் சேர்ந்த எந்த வக்கீலைக் கேட்டாலும், முதலில் புத்தகம் சுமந்த கதையைத்தான் சொல்வார். சீனியர் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பாயிண்ட்டுக்கு ஒரு சைட்டேஷன் எடுத்து வைப்பா" என்பார். டைஜஸ்ட்டில் தலைப்பைப் பிடித்து, வருடத்தையும் பக்கத்தையும் குறித்துக்கொண்டு, எம்.எல்.ஜே., எல்.டபிள்யூ., ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்புகளின் வால்யூம்களை அலமாரியிலிருந்து இறக்கி, உரிய பக்கத்தில் துண்டுச் சீட்டு செருகி, குமாஸ்தாவும் ஜூனியருமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வால்யூம் சீனியரிடம் இல்லையென்றால் பார் அசோசியேஷன் லைப்ரரி. அங்கும் யாராவது எடுத்துப் போயிருந்தால் வாய்தா கேட்க வேண்டும், இல்லையென்றால் வெறுங்கையோடு வாதாட வேண்டும்.

தீர்ப்பு ஒன்றும் ரகசியமல்ல. திறந்த நீதிமன்றத்தில், எல்லோர் முன்னாலும் சொல்லப்படுவது. ஆனால் பொதுவில் இருப்பது வேறு, தேடினால் கையில் கிடைப்பது வேறு. ஸ்ரீரங்கம் கோவில் சுவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலக்கொடை, வரி, உரிமை எல்லாம் ஊரறியப் பொறிக்கப்பட்டவை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியில் அவை எண்ணிட்டு அச்சேறிய பிறகுதான், வேண்டியதை வேண்டியபோது எடுத்துப் படிக்க வழி வந்தது. நம் சட்டத்துக்கும் அப்படி வழி செய்ய ஒருவர் வர வேண்டியிருந்தது.

தீர்ப்பைக் கொண்டுசேர்ப்பது பழைய தொழில். 1875-இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, மறுவருடமே சென்னை உட்பட நான்கு உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை ஐ.எல்.ஆர். என்ற வரிசையில் அரசு வெளியிடத் தொடங்கியது. அதில் எல்லாத் தீர்ப்புக்கும் இடமில்லை. 1891-இல் மயிலாப்பூர் வக்கீல்கள், வி. கிருஷ்ணசுவாமி ஐயர், பி.ஆர். சுந்தரம் ஐயர் போன்றவர்கள், எம்.எல்.ஜே. என்கிற மெட்ராஸ் லா ஜர்னலைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ஸ்டார்ட்-அப் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். பிறகு நாக்பூரிலிருந்து ஏ.ஐ.ஆர்., லக்னோவிலிருந்து 1969-இல் எஸ்.சி.சி. அதற்கப்புறம் சி.டி. வந்தது. எது வந்தாலும் சந்தா கட்ட வேண்டும். வசதியான சேம்பருக்கு எல்லாம் இருந்தது. முதல் தலைமுறை வக்கீலுக்கு லைப்ரரிதான் கதி. கட்சிக்காரருக்கோ அதுவும் இல்லை.

அந்த சி.டி.யில்தான் பெரிய வழக்கு கிளம்பியது. எஸ்.சி.சி.யை வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி, தங்கள் தொகுப்பிலிருந்து தீர்ப்புகளை எடுத்து சி.டி. விற்கிறார்கள் என்று இரு நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 12.12.2007 அன்று தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றம் தந்தபடியே உள்ள தீர்ப்பின் வாசகத்துக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. பதிப்பாசிரியர் தன் அறிவைச் செலவிட்டுப் பத்தி பிரித்து எண்ணிட்டது போன்ற பணிக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தீர்ப்புகளை மறுபதிப்பு செய்ய ஏற்கெனவே அனுமதித்திருந்தாலும், எந்த எல்லைவரை என்பது அன்றைக்குத்தான் தெளிவானது.

இருபத்து மூன்று நாள் கழித்து, 2008 ஜனவரி 4 அன்று, சட்டங்களையும் தீர்ப்புகளையும் தேடித்தரும் இந்தியன் கானூன் இணையதளம் வெளிவந்தது. அந்த வழக்கால்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

உருவாக்கியவர் சுஷாந்த் சின்ஹா. வக்கீல் அல்ல. ஐ.ஐ.டி. கான்பூரில் கணினி அறிவியல் படித்துவிட்டு, அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். ஆய்வும் சட்டத்தைப் பற்றியதல்ல, கணினி வலைப்பின்னல் பாதுகாப்பைப் பற்றியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான என்.ஐ.சி. ஏற்கெனவே இணையத்தில் போட்டிருந்தது. ஆனால் வழக்கு எண்ணோ, கட்சிக்காரர் பெயரோ, தேதியோ தெரிந்தவருக்குத்தான் அது பெரிதும் பயன்பட்டது. எந்த வழக்கு என்றே தெரியாமல், கையில் ஒரு கேள்வியை மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

சின்ஹா பிடித்த நூல் இதுதான். ஒரு சட்டம் இருபது பக்கத்துக்கு நீளும். சாமானியருக்கு வேண்டியது அதில் நாலு வரி. ஆகவே சட்டத்தைப் பிரிவு பிரிவாக, உட்பிரிவு உட்பிரிவாகக் கணினியைக் கொண்டே உடைத்தார். ஒவ்வொரு தீர்ப்பும் எந்தப் பிரிவைப் பேசுகிறது, எந்தப் பழைய தீர்ப்பைச் சுட்டுகிறது என்பதையும் கணினியே கண்டுபிடித்து இணைக்கும்படி செய்தார். சட்டமும் தீர்ப்பும் ஒரே தேடலில் வந்து நின்றன.

இன்னொரு வேலையும் செய்தார், அது பலருக்குத் தெரியாது. தேடல் முடிவில் நாம் கேட்ட சொற்கள் வரும் வரிகள் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். நூறு பக்கத் தீர்ப்பில் அந்தச் சொற்கள் ஐந்து இடத்தில் சிதறிக் கிடக்கலாம். போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளில் அப்படிப் பல துண்டுகளை எடுத்துக்காட்டும் வசதி அப்போது இல்லை. அதை எழுதி அந்த மென்பொருளுக்கே கொடுத்துவிட்டார். 2009-இல் வந்த 8.4 பதிப்பில் அது சேர்ந்தது.

படிப்பு முடிந்து பெங்களூரில் யாஹூவில் வேலை பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு இந்தியன் கானூனையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். உச்ச நீதிமன்றத்தோடு உயர் நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் என்று கடல் பெருகியது. படிப்பதற்குக் காசு இல்லை.

இதன் அருமை தெரிய ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 1985-இல் கல்யாணமான ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருவர், பரம்பரைச் சொத்தில் பங்கு உண்டா என்று கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம் 25.3.1989-க்கு முன் மணமான மகளுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. அந்த மத்தியச் சட்டமே 9.9.2005 முதல் திருத்தப்பட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது 2015-இன் பூலாவதி தீர்ப்பு. 2018-இல் தானம்மா வழக்கு வேறு திசையில் போனது. 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள், அப்பா இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று முடித்தார்கள், 20.12.2004-க்கு முன் முறைப்படி நடந்துபோன பாகப்பிரிவினையைத் தொடவில்லை. பழைய வால்யூமை மட்டும் நம்பியவர், 'பங்கு இல்லை' என்று அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியிருப்பார். இந்தியன் கானூனில் பூலாவதியைத் திறந்தால் தலைப்புக்கருகிலேயே 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும். அதைத் தொட்டால், பின்னால் வந்து அதை மாற்றியவர்கள் யார் என்று தெரிந்துவிடும். கோர்ட் வராந்தாவில் நின்றபடி, கூப்பிடும் முன் ஐந்து நிமிடத்தில் ஒரு ஜூனியர் இதைப் பார்க்கிறார். மொஃபசல் வக்கீலுக்கும் சென்னை சீனியருக்கும் நடுவே இருந்த பெரிய மேடு ஒன்று இதில் சரிந்தது. அதிகாரபூர்வமாக, உச்ச நீதிமன்றம் சுமார் 34,000 தீர்ப்புகளை இ-எஸ்.சி.ஆர். என்று இலவசமாகத் தேடும்படி தந்தது 2023 ஜனவரியில், பதினைந்து வருடம் கழித்து.

எளிதில் கிடைப்பதில் வலியும் உண்டு. திருச்சி வழக்குகளும் போகிற, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், குற்ற வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பில் தன் பெயர் இணையத்தில் கிடப்பதால் வாழ்க்கை கெடுகிறது என்று முறையிட்டார். 2024 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச் அவர் பக்கம் நின்று, இந்தியன் கானூனிலிருந்து அந்தத் தீர்ப்பை எடுக்கச் சொன்னது. இந்தியன் கானூன் மேல்முறையீடு செய்ய, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு பொதுவில் இருக்க வேண்டும் என்று முழுமனதாக நம்புகிறேன். ஆனால் விடுதலையானவரின் பெயரை மறைப்பதால் சட்டத்துக்கு எதுவும் குறைந்துவிடாது என்றும் நினைக்கிறேன்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. நம் முன்சீப் கோர்ட்டில் தமிழிலேயே தீர்ப்பு எழுதுகிறார்கள். அப்பீல் மதுரைக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலம். 2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைக் கணினி துணையோடு மொழிபெயர்த்து வருகிறது, தமிழிலும் வருகிறது. மொழிபெயர்ப்பு இருந்தால் மட்டும் போதாது. பிரிவு பிரிவாக உடைத்து, ஒன்றோடொன்று இணைத்து, பேச்சுத் தமிழில் கேட்டாலும் உரிய வரியைக் காட்ட வேண்டும். இதற்கு வேண்டிய ஆட்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள். திண்டுக்கல் சாலையில், ஸ்ரீரங்கம் தாலுகா நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் என்.ஐ.டி. ஒரு ஆராய்ச்சி மாணவர் தொடங்கியதைத் தமிழில் தொடர, இந்த இரண்டு இடத்துப் பிள்ளைகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் முதல் ஆறு மாதத்துக்கான வேலை தயாராக இருக்கிறது: தமிழில் எழுதப்பட்ட பாகப்பிரிவினைத் தீர்ப்புகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.