பிரட்டுக் களத்து மணி

நுவரெலியாவில் 1852இல் கட்டிய ஹோலி டிரினிட்டி தேவாலயமும், டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயமும் இன்றும் நல்ல நிலையில் நிற்கின்றன. தோட்டத் துரைமார் ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடிய அந்த இடங்களைச் சுற்றுலா வருவோர் தேடிப்போய்ப் படமெடுக்கிறார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் மலையகத்தையே எழுப்பிய ஓசை ஒன்று இருந்தது. அதைத் தேடி வருவோர் குறைவு.

அந்த ஓசை பிரட்டுக் களத்துக்கு உரியது. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரு வெட்டவெளி. விடியுமுன் தொழிலாளர் அங்கே நிரையாக நிற்க வேண்டும். கண்டக்கையாவும் கணக்கப்பிள்ளையும் கங்காணிமாரும் ஆட்களைப் பிரித்து, கொழுந்துக்கு, கவ்வாத்துக்கு, முள்ளுக் குத்த என்று மலைமலையாக அனுப்புவார்கள். நேரம் தவறியவருக்கு அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை.

அழைக்க முதலில் இருந்தது தப்பு என்னும் தோல் பறை. மலைநாட்டுப் பனியில் தோல் தொய்ந்துவிடும். அதனால் வைக்கோலோ சருகோ கொளுத்தி, வட்டத்தை அனலில் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்த பிறகே அடிப்பார்கள். மாசி மாதக் காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவு வீட்டுக்கு இன்னோர் அடி, பிரட்டுக்கு வேறோர் அடி. படுக்கையில் கிடந்தபடியே எது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து சாதியின் பெயரால் தலையில் சுமத்தப்பட்டு வந்த தொழில் அது. அடித்தவர்களின் கலையைத் தோட்ட நிர்வாகம் கலையாக மதித்ததில்லை.

பிறகு பல தோட்டங்களில் மணியும், ஸ்டோர் எனப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையின் சங்கும் வந்தன. வெண்கல மணி இல்லாத இடத்தில் தண்டவாளத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அந்த ஓசை கேட்கும்போது பெண்கள் எழுந்து வெகுநேரமாகியிருக்கும். ரொட்டி சுட்டு, சாயத்தண்ணி ஊற்றி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கும் தலையில் கூடையுமாக ஓட வேண்டும்.

ஓசைக்குப் பின்னால் சட்டம் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டப்படி, தக்க காரணமின்றி வேலைக்கு வராதிருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சம்பளத்தையும் பறிக்க முடிந்தது. இரண்டாண்டு கழித்து, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. இந்தச் சட்டத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அழைப்பை மறுத்த நாட்களும் உண்டு. வேலைநிறுத்தம் என்றால் முதலில் வெறிச்சோடுவது பிரட்டுக் களம்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்த அழைப்பு இலக்கியத்திலும் இடம்பெற்றது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, தம் ஆங்கிலக் கவிதையில் தேயிலைத் தோட்டத்து விடியலைத் தப்போசையோடு பதிவு செய்தார்.

ஆனால் எல்லா மணிகளுக்கும் ஒரே விதி இல்லை. நியூசிலாந்தில் மவோரி மக்கள் கிழங்கு அவிக்கப் பயன்படுத்திய ஒரு பழைய கப்பல் மணி, 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரியின் கண்ணில் பட்டது. அதில் தமிழ் எழுத்து இருந்ததால் இன்று அது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. தோட்டத்து மணிகளுக்கு அந்தக் கவனிப்பு இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவருக்கு அவை எடைக்குப் போகும் பொருள்தான்.

கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயமொன்றில், 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. உங்கள் தோட்டத்தில் மணியோ தண்டவாளத் துண்டோ இன்னும் தொங்கினால், விற்க விடாதீர்கள். அதைப் படமெடுத்து, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று எழுதி வையுங்கள். பிரட்டுத் தப்பு அடித்த முதியவர் யாராவது இருந்தால், அவர் அடியை இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்யுங்கள்.