கூண்டுக்குள் போன சக்கரம்

லாரி டயர் மாட்டுகையில் நேர்ந்த சாவுகளை மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று சொல்லி முடிப்பது எளிது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் 1980இல் கொண்டுவந்த விதி அப்படி முடிக்கவில்லை. அன்றைய லாரி ரிம்கள் பல துண்டுகளால் ஆனவை; டயரைப் பிடித்து நிறுத்துவது ஒரு லாக் ரிங். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில், சரியாக உட்காராத அல்லது துருவேறிய வளையம் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். குனிந்து காற்றடிப்பவரின் தலை அதன் பாதையிலேயே இருந்தது. ஆகவே விதி சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைக்கச் சொன்னது; காற்றுக்குழாயை நீளமாக்கி, ஆளைத் தள்ளி நிறுத்தியது. பயிற்சியையும் கட்டாயமாக்கியது உண்மைதான். ஆனால் பயிற்சி பெற்றவரும் தவறுவார் என்று எண்ணாதவர்கள் கூண்டு கேட்டிருக்க மாட்டார்கள்.

குற்றம் பழைய ரிம்முடையது, ஒற்றைத் துண்டு ரிம் வந்ததும் கூண்டு எதற்கு என்று கேட்கலாம். 1984இல் விதி ஒற்றைத் துண்டு ரிம்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 16 அங்குல டயர் 16.5 அங்குல ரிம்மில் ஏறிவிடும். ஆனால் அதன் விளிம்பு சரியாக உட்காராது. உட்காரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் காற்றடிப்பார்கள் (யார்தான் அடிக்கமாட்டார்கள்?). விளிம்புக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். இங்கே பறக்க லாக் ரிங்கே இல்லை. அடைபட்ட காற்று மட்டும் அப்படியே இருந்தது.