தாம்பரம் சானடோரியமும் இறுதிக்காலப் பராமரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தாம்பரம் காசநோய் மருத்துவமனையின் வரலாற்றை இறுதிக்காலப் பராமரிப்பு என்னும் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. நோயாளியின் இடம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் மீண்டும் வீட்டிற்கும் மாறியதை மருந்தின் வரவே பெரிதும் தீர்மானித்தது என்பதையும், சாவை எதிர்கொள்ளும் பொறுப்பு அம்மாற்றங்களில் உரிய கவனம் பெறவில்லை என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தாம்பரம், சானடோரியம், காசநோய், எச்.ஐ.வி., வலிதணிப்புப் பராமரிப்பு, கல்யாணச் சாவு.

முன்னுரை

பேரன் பேத்திகளைக் கண்டு, சுற்றம் சூழ, வீட்டில் நிகழும் முதியோர் இறப்பைத் தமிழர் ‘கல்யாணச் சாவு’ என்பர். இறப்பவர் வாயில் பால் வார்ப்பதும், பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவருவதும் இம்மரபைச் சார்ந்தவை. ஆனால் காசநோயும் பின்னர் எச்.ஐ.வி.யும் பெரும்பாலும் நடுவயதைக் கடவாதவர்களையே தாக்கின. தொற்று அச்சம் சுற்றத்தையும் விலக்கியது. எனவே மரபு வகுத்த நற்சாவு இந்நோயாளிகளுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

சானடோரியத்தின் தோற்றம்

இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் நிலையம் நடத்திய மருத்துவர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். கணிதமேதை இராமானுஜன் 1917-இல் மெண்டிப்பில் அவரிடம் சிகிச்சை பெற்றவர். தாயகம் திரும்பிய இராமானுஜன் 1920-இல் சென்னைச் சேத்துப்பட்டில் குடும்பத்தார் நடுவே காலமானார். தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆகவே குணப்படுத்தும் நோக்கில் எழுந்த நிலையம், குணமாகாதோருக்கு இறுதிவரை உறைவிடமாகவும் அமைந்தது. 1937-இல் அரசு இதனை ஏற்றது. ‘சானடோரியம்’ என்னும் சொல் புறநகர் இரயில் நிலையத்தின் பெயராகவும், அப்பகுதியின் பெயராகவும் நிலைத்தது.

வீடு நோக்கிய திருப்பம்

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநியாசிட் சிகிச்சையும் நிலைமையை மாற்றின. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. 1959-இல் வெளியான முடிவு, நெரிசலும் வறுமையும் மிக்க வீட்டிலும் மருந்து ஏறக்குறைய அதே பயனைத் தந்ததைக் காட்டியது. உடன் வாழ்வோர்க்குத் தொற்று அதனால் மிகுந்ததற்குச் சான்றில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைய இந்த ஆய்வு ஒரு காரணமாயிற்று. எனினும் அந்த ஆய்வு அளந்தது குணமடைதலையே. பிழைக்கவியலாதவரை வீட்டார் எவ்வாறு பேணுவது என்பது அதன் வினாவுக்குள் வரவில்லை.

எச்.ஐ.வி. காலம்

1986-இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தனர். 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை இந்நோயாளிகளை உள்நோயாளிகளாக ஏற்றது. நாட்டின் மிகப்பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. எச்.ஐ.வி. உடையோரிடம் காசநோய் மிகுதியாகத் தோன்றுவதால் இது இயல்பான வளர்ச்சியே. 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் தொடங்கும்வரை, பெரும்பாலோர்க்கு இங்குக் கிடைத்தது சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான சிகிச்சையும் துன்பத் தணிப்புமே. 1928-இன் நிலை இங்கு மீண்டது: மருந்து எட்டாத இடத்தில் பராமரிப்பே மருந்தாயிற்று.

முடிவுரை

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலிதணிப்புப் பராமரிப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. உச்சநீதிமன்றம் 2018-இல் கண்ணியமான இறப்பை வாழ்வுரிமையின் கூறாக ஏற்று, முன்விருப்ப ஆவணத்துக்கு வழிவகுத்து, அதன் நடைமுறையை 2023-இல் எளிமையாக்கியது. தாம்பரத்தின் வரலாறு இம்முயற்சிகளுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. வீட்டில் இறப்பது மட்டுமே நற்சாவாகாது. வலி தணிய வேண்டும், உடனிருப்போர் வேண்டும், நோயின் பெயரால் விலக்கப்படாதிருத்தல் வேண்டும். இம்மூன்றையும் உறுதிசெய்யாமல் நோயாளியை வீட்டிற்கு அனுப்புவது, பராமரிப்பின் சுமையைக் குடும்பத்தின்மேல் ஏற்றுவதாகவே முடியும்.