காகிதக் கூட்டுக்குள் ஒரு விளக்கு

கண்ணைக் கூசவைக்கும் வெறும் மின்விளக்கு. அதன்மீது வண்ணக் காகிதக் கூடொன்றை மாட்டச் செய்கிறாள் ஒரு மங்கை. வெளிச்சம் மங்குகிறது, முகத்தின் சுருக்கம் மறைகிறது, வயது மறைகிறது, வறுமையும் மறைந்துவிட்டதாக அவள் நம்புகிறாள்!

அவள்தான் பிளான்ச் துப்வா. அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் படைத்த 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' நாடகத்தின் தலைவி. 1947 டிசம்பர் 3-ஆம் நாள் நியூயார்க்கில் அரங்கேறி, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாடகம். பித்துப்பிடித்தவளின் கதை என்று அதனைப் பேசி முடிப்போர் உண்டு. நம்மால் அவ்வாறு முடித்துவிட இயலவில்லை.

அவள் பிறந்த மாளிகையின் பெயர் பெல் ரீவ். அழகிய கனவு என்று பொருள்படவே அப்பெயர் இட்டனர். மிசிசிப்பி மாநிலத்து வெள்ளைத்தூண் மாளிகைகள் வானத்திலிருந்து இறங்கியவையா? பருத்திக் காட்டிலே சாட்டையடி பட்ட கறுப்பின அடிமைகளின் குருதியில் எழுந்தவை! 1865-இல் அமெரிக்க அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. சட்டம் மாறியது, சீமான்களின் சிந்தை மாறியதா? பிளான்சின் முன்னோர் நிலத்தைத் துண்டு துண்டாக இழந்து, தம் காமக் களியாட்டத்திற்குக் கப்பம் கட்டினர். மிஞ்சிய வீடும் இறுதியில் கடனில் மூழ்கியது. மாளிகை போயிற்று, மகாராணி மனப்பான்மை போகவில்லை.

இளவயதில் மணந்த கணவன், ஆணை விரும்பியவன் என்றறிந்து அருவருப்பைக் கொட்டினாள்; அவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். அன்று ஒலித்த நடன இசை அவள் செவியைவிட்டு அகலவேயில்லை. பள்ளி ஆசிரியையான அவள், பதினேழு வயது மாணவனோடு கொண்ட தொடர்பால் வேலையிழந்தாள். அக்குற்றத்தை, ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் மன்னிக்கப் போவதில்லை. எனினும், நினைவெல்லாம் நெருப்பானவள் கனவுக்குள் ஓடி ஒளிவதில் வியப்பென்ன?

ஓடி வந்த இடம் நியூ ஆர்லியன்ஸ். தங்கை ஸ்டெல்லாவின் இரண்டறை வீடு. தங்கை கணவன் ஸ்டான்லி உழைப்பாளி. போலந்து வழியினன் என்று பிளான்ச் அவனை இழித்துரைக்கையில் நம் நெஞ்சு அவன் பக்கமே சாய்கிறது. சாயத்தான் வேண்டும்! ஆனால் அந்த உழைப்பாளி, மனைவி பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனை சென்ற இரவில், அவளைப் பலாத்காரம் செய்கிறான். ஆண்டைக்கு அடங்க மறுத்தவன், பெண்ணுக்குத் தானே ஆண்டையானான். இங்கே எந்தப் பக்கம் சாய்வது, தோழர்களே?

செல்வச் சீமானொருவன் தன்னை அழைத்துச் செல்ல வருவான் என்று அவள் பொய்யுரைத்தபோது, சிரித்துப் பொறுத்துக்கொண்டனர். தனக்கு நேர்ந்த கொடுமையை, உள்ளதை உள்ளபடி உரைத்தாளே, அதைத்தான் பித்து என்றனர்! நம்பினால் கணவனோடு வாழ முடியாது. ஆகவே தங்கை நம்பவில்லை. காகிதக் கூடு யார் கண்ணை மறைத்தது?

1951-இல் இது திரைப்படமாயிற்று. அன்றைய தணிக்கை விதிகள் முடிவை மாற்றச் செய்தன. படத்தில் ஸ்டெல்லா குழந்தையுடன் கணவனைவிட்டு அகலுகிறாள். மேடையில் அவள் அகலவில்லை. மருத்துவர் வருகிறார், அக்காளை மனநோய் விடுதிக்கு அழைத்துச் செல்கிறார். தங்கை கதறுகிறாள், கணவன் தேற்றுகிறான். மேசையைச் சுற்றிலும் அவன் நண்பர்கள், அடுத்த ஆட்டத்திற்குச் சீட்டுப் போடுகிறார்கள்.