செம்புக்குத் திறந்த கதவு, தேயிலைக்குப் போட்ட பூட்டு

நுவரெலியா மாவட்டத்தின் எந்தத் தோட்டத்திற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணிற்படுபவை இரண்டு. ஒன்று தேயிலை; மற்றது தகரம். தொழிற்சாலையின் கூரையும் பக்கச் சுவர்களும் தகரம். கொழுந்து மடுவத்தின் கூரை தகரம். லயத்தின் கூரையும் தகரமே. தேயிலை இம்மண்ணில் விளைந்து வெளிநாடு செல்கிறது. தகரம் வெளிநாட்டிலிருந்து வந்து இம்மண்ணின் மழையில் துருப்பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சுங்கம். மலையகத்தின் வரலாற்றைக் குடியுரிமைச் சட்டங்களின் வழியாகவும் சம்பளப் போராட்டங்களின் வழியாகவும் பலர் எழுதியுள்ளனர். தீர்வைப் பட்டியலின் வழியாக அதைப் படித்தவர்கள் குறைவு. அவ்வழியே சென்றால் தெரியும் காட்சிகளுள் சிலவற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். ஓர் அரசாங்கம் தன் நாட்டு ஆலைகளுக்கு மானியம் கொடுக்கிறது. அந்த மானியத்தின் பலத்தில் அவ்வாலைகளின் பொருள் அடக்க விலைக்கும் கீழாக அயல் நாட்டுச் சந்தையில் விற்கப்படுகிறது. அயல் நாடு தன் ஆலைகளைக் காப்பதற்காக அம்மானியத்தின் அளவுக்கு ஒரு மேலதிக வரியை விதிக்கிறது. இதுவே எதிரீட்டுத் தீர்வை. அமெரிக்கா 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதனைப் பொது விதியாக்கியது. இரண்டே ஆண்டுகளில், 1899இல், கர்சன் பிரபுவின் அரசாங்கம் இந்தியாவிலும் இதைக் கொண்டு வந்தது. மானியம் பெற்று வந்த ஜேர்மனிய, ஆஸ்திரிய பீட்ரூட் சர்க்கரையின் மீதே அவ்வரி விதிக்கப்பட்டது. காப்பாற்றப்பட்டவர்களுள் மொரிசியசின் கரும்புத் தோட்ட முதலாளிகளும் அடங்குவர். அத்தோட்டங்களில் வெட்டுக்கத்தி பிடித்தவர்களில் நம்மவர்களும் இருந்தனர். ஆனால் அவர்களது கூலியைப் பற்றிய பேச்சு அவ்வரியின் எந்த மூலையிலும் எழவில்லை. பிற்கால வரலாறு முழுவதற்கும் இது ஒரு முன்னுரை போல அமைந்துவிட்டது.

உலோகத்திற்கு வருவோம். சாக்சியில் டாட்டாவின் ஆலை 1912இல் உருக்கை வார்க்கத் தொடங்கிற்று. முதல் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பிய உருக்கு மலிவு விலையில் வந்து குவிந்தது. பெல்ஜியம், பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய நாடுகளின் நாணய வீழ்ச்சி அந்த மலிவுக்கு ஒரு பெருங் காரணம். தீர்வை வாரியத்தின் விசாரணைக்குப் பின், 1924இல் உருக்குத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. இறக்குமதிக்கு உயர் தீர்வை. தண்டவாளம் போன்றவற்றுக்கு அரசின் கையிலிருந்தே கொடை. பிறர் கொடுக்கும் மானியத்தைக் குறை கூறும் நாடுகள் தாமும் அதையே கொடுப்பது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று. 1927இல் இன்னொரு திருப்பம் வந்தது. பிரித்தானிய உருக்குக்குக் குறைந்த தீர்வை, ஏனைய நாடுகளின் உருக்குக்குக் கூடிய தீர்வை என இரட்டை முறை புகுத்தப்பட்டது.

அக்காலத்து இலங்கையில் பாதுகாப்பதற்கென்று ஓர் உருக்காலையும் இருக்கவில்லை. இங்கே இரும்பு என்றால் இறக்குமதிதான். 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டிய பின்னர், இயந்திரங்களும் நெளிதகடுகளும் மலையேறுவது எளிதாயிற்று. ஓட்டைவிடப் பாரம் குறைந்தது, அடுக்கி ஏற்றலாம், சில ஆணிகளால் மாட்டிவிடலாம் என்பதால் துரைமாருக்குத் தகரம் பிடித்துப்போனது. பகலில் கொதிப்பதும் இரவில் குளிர்வதும் அதன் கீழ்ப் படுப்பவனின் பிரச்சினை.

1932இல் ஒட்டாவா மாநாடு நடந்தது. பேரரசுக்குள் ஒருவருக்கொருவர் தீர்வைச் சலுகை வழங்குவதென்பது அதன் சாரம். அதே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் பிரித்தானியா தேயிலைக்கு மீண்டும் இறக்குமதித் தீர்வை விதித்தது. அந்நியத் தேயிலைக்கு இறாத்தலுக்கு 4 பென்ஸ். பேரரசுக்குள் விளைந்த தேயிலைக்கு 2 பென்ஸ். டச்சுக்காரரின் ஜாவாத் தேயிலையோடு போட்டியிட்ட இலங்கைத் தோட்டக்காரருக்கு இது வரப்பிரசாதம். அதற்கு ஈடாகப் பிரித்தானியப் பொருள்களுக்குச் சலுகை வழங்கும் ஏற்பாட்டிற்குள் இலங்கையும் இழுக்கப்பட்டது. தேயிலைக்குச் சலுகை கேட்டால் ஆலைப் பொருளுக்குச் சலுகை கொடுக்க வேண்டும் என்னும் கொடுக்கல் வாங்கல் அன்றே வழக்கமாகிவிட்டது. மேசையின் ஒரு புறம் தோட்டக்காரரும் மறுபுறம் ஆலைக்காரரும் இருந்தனர். கொழுந்து பறித்தவளுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.

சுதந்திரத்திற்குப் பின் இலங்கைக்கும் ஓர் உருக்குத் தொழிற்சாலை வேண்டும் என்ற ஆசை பிறந்தது. சோவியத் உதவியோடு ஒருவெலவில் அமைந்த ஆலை 1967இல் இயங்கத் தொடங்கியது. அதற்குள் அந்நியச் செலாவணி வற்றிவிட்டிருந்தது. 1968இல் அரசாங்கம் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையைக் கொண்டு வந்தது. அதன்படி நாட்டில் டொலருக்கு இரண்டு விலைகள். அரிசி, மா போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்கு உத்தியோகபூர்வ விலை. பெரும்பாலான ஏனைய இறக்குமதிகளுக்கு அதைவிட 44 சதவீதம் கூடிய விலை. 1972இல் அக்கூடுதல் 65 சதவீதமாயிற்று. புதிய ஏற்றுமதிகளுக்கும் அந்த உயர்ந்த விலையே கிடைத்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றுக்கும் மட்டும் பழைய குறைந்த விலை. அதாவது ஏற்றுமதித் தீர்வைக்கு மேலாகத் தேயிலை கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரியையும் செலுத்தியது. தான் ஈட்டிய டொலரை மலிவாகக் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டிய இயந்திரத்தை விலையேறிய டொலரில் வாங்க வேண்டிய நிலை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட போதே இந்த இரட்டை முறை ஒழிந்தது.

இனி இக்கட்டுரையின் மையத்திற்கு வருகிறேன். 1998 டிசம்பர் 28ஆம் திகதி புதுடில்லியில் பிரதமர் வாஜ்பாயும் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 2000 மார்ச் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் குறைந்தது 35 சதவீத மதிப்பு சேர்க்கப்பட்ட பொருள்கள் பெரும்பாலும் தீர்வையின்றி இந்தியாவிற்குள் செல்லலாம். ஆனால் சிலவற்றுக்கு விலங்கு பூட்டப்பட்டது. அவற்றுள் முதன்மையானது தேயிலை. ஆண்டொன்றுக்கு 1.5 கோடி கிலோவுக்கு மட்டுமே தீர்வைச் சலுகை. அதுவும் தொடக்கத்தில் கொச்சி, கல்கத்தா ஆகிய இரு துறைமுகங்கள் வழியாக மட்டுமே. அப்போது இலங்கையின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோ. இந்தியாவின் உற்பத்தி 80 கோடி கிலோவுக்கும் மேல். இந்த அளவுகளை ஒப்பிட்டால் அந்த ஒதுக்கீடு எத்துணைச் சிறியது என்பது விளங்கும். அச்சிறிய ஒதுக்கீடு கூட முழுமையாகப் பயன்படாமலே ஆண்டுகள் கழிந்தன.

திறந்த கதவின் வழியே ஓடியது எது தெரியுமா? செம்பு. இலங்கையில் செம்புச் சுரங்கம் ஏதும் இயங்கவில்லை. ஆனால் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் இந்தியாவிற்கான இலங்கை ஏற்றுமதிகளில் செம்பு முன்னணிக்கு வந்துவிட்டது. சூட்சுமம் எளியது. செம்பின் மீது இந்தியாவில் இறக்குமதித் தீர்வை உயர்வாக இருந்தது. இலங்கையிலோ செம்புக் கழிவை மலிவாக இறக்கலாம். இந்திய முதலீட்டாளர்கள் இலங்கையில் உலைகளை நிறுவி, வெளிநாட்டுக் கழிவை உருக்கி, தீர்வையின்றி இந்தியாவிற்கு அனுப்பினர். பாமாயிலை வைத்து வனஸ்பதியிலும் இதே வித்தை நடந்தது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு கட்டத்தில் இந்தியாவிற்கான இலங்கை ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்தன. ஏற்றுமதிப் புள்ளி விவரங்கள் வானளாவ உயர்ந்தன. ஒப்பந்தம் பெருவெற்றி என்று பேசப்பட்டது. அந்த வெற்றியில் நுவரெலியாவின் பங்கு ஒரு துளிதான்.

தேயிலைக்குப் பூட்டுப் போட்டவர்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். சோவியத் ஒன்றியம் சிதறிய பின் தென்னிந்தியத் தேயிலையின் பெருஞ் சந்தை ஆட்டங் கண்டது. 1990களின் இறுதியில் நீலகிரியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்து, சிறு விவசாயிகள் வீதிக்கு வந்தனர். அவர்களுக்கு இலங்கைத் தேயிலை ஒரு பேரச்சம். அந்த அச்சத்தை எவரும் எள்ளி நகையாட முடியாது.

ஆனால் அந்நீலகிரியில் இருப்பவர்கள் யார்? 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதியிட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாதி பாதியாகப் பிரித்தது. அவ்வாறு கப்பலேறியவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று டான்டீ என்று அறியப்படுவது அதுவே. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கொழுந்து பறித்த கைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறித்தன. தீர்வைச் சுவரின் இரு புறமும் ஒரே குடும்பத்தின் அண்ணனும் தம்பியும் நிற்கும் விசித்திரம் உலகில் வேறெங்கும் எளிதிற் காணக் கிடைக்காது. அண்ணனின் தேயிலை தம்பியின் சோற்றுக்கு எதிரி என்று இரு அரசாங்கங்களும் எழுதிக் கையொப்பமிட்டன.

செம்பின் ஓட்டமும் நெடுநாள் நீடிக்கவில்லை. கழிவின் கொள்விலையைக் குறைத்துக் காட்டி 35 சதவீத மதிப்பு சேர்ந்ததாகக் கணக்கு எழுதுகிறார்கள் என்று இந்தியத் தரப்பு குற்றஞ் சாட்டியது. லண்டன் உலோகச் சந்தை விலையை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. இந்தியாவும் தன் பொதுத் தீர்வையைப் படிப்படியாகக் குறைத்தது. ஆதாயம் மறைந்ததும் உலைகளின் நெருப்பும் அணைந்தது. தீர்வை வேறுபாட்டில் முளைத்த தொழில் அவ்வேறுபாடு தீர்ந்ததும் பட்டுப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேயிலையோ அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது.

மானியம் பெற்ற உலோகத்திற்கு எதிரான வரி பின்னர் இந்தியாவில் வேகம் பெற்றது. 2017 செப்டம்பரில் சீனாவின் எவர்சில்வர்த் தகடுகள் மீது 18.95 சதவீத எதிரீட்டுத் தீர்வை விதிக்கப்பட்டது. பெரிய ஆலைகள் மகிழ்ந்தன. தகட்டை வாங்கிப் பாத்திரம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு மூலப்பொருளின் விலை ஏறியது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அத்தீர்வை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. உலோக விலை உயர்வைக் காரணங் காட்டி 2022இல் பொதுநலன் கருதி முற்றாகவே நீக்கப்பட்டது. பட்டறைக்காரரின் முணுமுணுப்பு ஐந்தாண்டுகளுக்குப் பிறகாவது கேட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இலங்கையும் 2018இல் தனக்கென ஒரு சட்டத்தை இயற்றிக் கொண்டது. அவ்வாண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் விலை குறைத்துக் குவிப்பதற்கும் மானியத்திற்கும் எதிரான தீர்வைகளைப் பற்றியது. மானியம் உண்டா, உள்நாட்டுத் தொழிலுக்குச் சேதம் உண்டா, அச்சேதம் அம்மானியத்தால் விளைந்ததா என்னும் மூன்றையும் நிறுவிய பின்னரே இத்தகைய வரி விதிக்கப்படலாம் என்பது உலக வர்த்தக அமைப்பின் விதி. சான்று கேட்காமல் அடுக்கப்படும் செஸ் வரியோடும் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரியோடும் ஒப்பிட்டால் இது நாகரிகமான முறை. அதே உலக உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, விசாரணைக்குரிய பொருளைப் பயன்படுத்தும் தொழில்களுக்கும் நுகர்வோர் அமைப்புகளுக்கும் தம் தரப்புத் தகவலை முன்வைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நம்மவர்களின் கண்ணில் படாத வரி அதுவே.

இது ஏன் மலையகத்திற்கு முக்கியம்? 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளைப் பெருந்தோட்ட மக்களுக்கு அறிவித்தார். வீடு என்றால் கம்பி வேண்டும், ஆணி வேண்டும், கூரைத் தகடு வேண்டும். இறக்குமதி உலோகத்தின் மீது ஏறும் ஒவ்வொரு ரூபாவும் ஏதோ ஒரு வீட்டின் அளவைச் சுருக்கும். ஏதோ ஒரு லயத்தின் ஓட்டைத் தகரம் மாற்றப்படுவதை இன்னொரு மழைக்காலத்திற்குத் தள்ளிப் போடும். உள்நாட்டு ஆலைகளைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கும் தொழிலாளர் உண்டு. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. கூரையின் விலையைத் தீர்மானிக்கும் விசாரணை மண்டபத்தில் அக்கூரையின் கீழ் வாழ்பவனுக்கும் ஒரு குரல் வேண்டும் என்பதே என் வாதம்.

1932இல் அவனிடம் கேட்கப்படவில்லை. அவன் கூலியாக இருந்தான். 1968இலும் கேட்கப்படவில்லை, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவன் நாடற்றவனாக இருந்தான். 1998இலும் ஆயிரக்கணக்கானோரின் குடியுரிமை தீராமலே இருந்தது. அதற்கான சட்டம் 2003இல்தான் வந்தது. இன்று அவன் பிரஜை, வாக்காளன். அவன் பெயரால் பேசும் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உள்ளனர். சம்பள நிர்ணய சபைக்குச் செல்லும் தலைவர்கள், அடுத்த முறை உலோகத் தீர்வை விசாரணை பற்றிய அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவந்தால், ஒரு பக்க மனுவையேனும் எழுதிக் கொடுக்கட்டும். அம்மனுவில் லயங்களின் எண்ணிக்கையையும், மாற்ற வேண்டிய தகரங்களின் எண்ணிக்கையையும், ஒரு தகரத்தின் விலையையும் குறித்தால் போதும்.